மாமனாருக்கு ஆகாத நட்சத்திரம்

மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். ஆகாது என்றால் தலைவலி, கால்வலி வரும் என்று அர்த்தமில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அர்த்தம். அந்த மாமனார் நான்தான். பெயர் கிட்டுசாமி. பொங்கலூர்ப் பக்கம் கொஞ்சம் தோட்டம், அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி, உடம்பில் சர்க்கரை, மதியம் சாப்பிட்டதும் தூக்கம். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

என் மகன் சதீஷ்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில் பேச்சை எடுத்தான்.

"அப்பா, நம்முளுக்கு ஆர்டர் குடுக்கற ஆபீஸ்ல வர்ஷினின்னு ஒரு மெர்ச்சண்டைசர் இருக்கறாங்கல்ல. அவங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கறனுங்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். சரக்கைச் சோதிப்பதற்கு அடிக்கடி எங்கள் கம்பெனிக்கு வருவாள். ஒரு தையல் கோணினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். பட்டதும், தப்பு தன்னுடையது போன்ற குரலில், "சார், இதைப் பிரிச்சுத் தெக்கோணுங்களே" என்பாள். பிரித்துத் தைக்கச் சொல்லுகிறவர்கள் மேல் எனக்கு இயல்பாகவே கோபம் வரும். இவள் மேல் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணுங்கப்பா. அவங்களுக்கு மூல நட்சத்திரம். அதை மொதல்ல ஊட்டுல சொல்லிட்டுத்தான் மத்தது பேசோணும்னு அவங்களே சொன்னாங்க."

என் மனைவி கண்ணம்மாளின் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். என் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அப்போது சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

வெளியில் நான் வாய் கிழியப் பேசுகிறவன். டீக்கடையில், பேங்கில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே யார் கேட்டாலும், "இந்தக் காலத்துல நட்சத்திரமாவது ஒண்ணாவது. புடிச்சிருக்குது, கட்டி வெச்சுருவோம்" என்று கையை வீசிச் சொன்னேன். கேட்டவர்கள் என்னைப் பெரிய மனிதன் என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தவறாமல், "உடம்பு எப்படிங்க இருக்குது" என்று ஒரு மாதிரிக் குரலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். பயம்தான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது. சாவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. மகனுக்கு அந்தப் பெண்ணைக் கட்டி வைக்கவும் ஆசையாக இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

தூங்கினாலும் கனவு. ஒரு மதியம் இப்படிக் கண்டேன்: எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றில் என்னை மடித்து வைத்திருக்கிறார்கள். வலியில்லை. நல்ல இஸ்திரி போட்ட பனியன் மாதிரி கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கின்றன. மேலே டேப் ஒட்டும் சத்தம் கேட்கிறது. லாரி கிளம்புகிறது. எந்த ஊருக்கு என்று கேட்கலாம் என்று பார்த்தால், பாலித்தீன் பைக்குள் இருப்பதால் குரல் வெளியே போகவில்லை. பெட்டியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகப் பகலிலேயே ஒரு நட்சத்திரம் தெரிகிறது. விழித்துப் பார்த்தால் கண்ணம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மூக்குக்கு நேராக விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"கொசுங்க" என்றாள்.

ஒரு நாள் போண்டா தின்று நெஞ்சு எரிந்தது. அதற்கு ஈ.சி.ஜி., ஸ்கேன் என்று கோயமுத்தூருக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். வாயு என்று டாக்டர் சொன்னார். கண்ணம்மாள் நம்பவில்லை. இன்னொரு டாக்டரும் வாயு என்றார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. வர்ஷினியின் ஆபீஸ் மூலமாக வந்த ஐரோப்பா ஆர்டர். கறுப்பு டீ சர்ட். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'டிசாஸ்டர்' என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதைச் சுற்றிலும் நட்சத்திரங்கள். கழுத்துப் பட்டிக்குக் கீழே, உள்பக்கமாக, எறும்பு எழுத்தில் நாலைந்து வரி. நான் வெட்டிய துணியை முகமது ரபீக்கின் பிரிண்டிங் பட்டறைக்கு அனுப்புவேன். அவர் அச்சடித்துத் திருப்பி அனுப்பினால் நான் தைப்பேன். ரபீக் பாயும் நானும் வெகுகாலப் பழக்கம். சண்டையும் அதே அளவுக்குப் போட்டிருக்கிறோம்.

முதல் பீஸைப் பார்த்ததும் நான் கேட்டேன். "ஏம் பாய், டிசாஸ்டர்னா நாசம்தான? நெஞ்சுல நாசம்னு எழுதிட்டு எந்தக் கிறுக்கன் ரோட்டுல போவான்?"

"நீங்க வேறங்ணா. போன மாசம் 'நான் சோம்பேறி'ன்னு அடிச்சு அனுப்புனோம். அதையும் வாங்கிப் போட்டுக்கறாங்க."

"அது செரி. நாசத்துக்கு எதுக்கு நட்சத்திரம்? இடி, நெருப்புன்னு எதாச்சும் போட்டிருக்கலாமல்ல."

"அதை உங்க மருமகக்கிட்டயே கேளுங்க. நாளைக்கு மத்தியானம் செக் பண்ண வருதாமா" என்று சிரித்தார். அதற்குள் அவர் காதுக்கும் போயிருக்கிறது. "எங்கள்ல நட்சத்திரமெல்லாம் பாக்கறதில்லைங்ணா. மாமியா மூஞ்சியப் பாத்தே பயந்துக்குவோம். அது போதும்."

"கெரகம்" என்றேன்.

எனக்கு அது வாய்ப்பழக்கம். நூல் அறுந்தால் கெரகம், கரண்ட் போனால் கெரகம், காப்பி ஆறியிருந்தால் கெரகம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மூச்சுக்கு மூச்சு அந்த வார்த்தைதான்.

மறுநாள் மதியம் வர்ஷினி வந்தாள். ரபீக் பட்டறையின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை உண்டு. அச்சடித்த துணிகளைக் கயிற்றில் கிளிப் போட்டு அங்கேதான் காயவைப்பார். தூசி ஒட்டாமல் இருக்கக் கதவும் மூடியே இருக்கும். நானும் அவளும் அந்த அறைக்குள் நின்று, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பது மட்டும் அறை முழுவதும் நிறைந்திருந்தது. அப்போது கரண்ட் போயிற்று.

"ஜெனரேட்டருக்கு டீசல் இல்லீங்ணா. அஞ்சு நிமிசம், வாங்கிட்டு வந்தர்றேன்" என்று வெளியில் இருந்து ரபீக் குரல் கொடுத்தார். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

நான் கதவைத் தேடித் திரும்பினேன். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். அறை காணாமல் போயிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, கயிறு இல்லை. தலைக்கு மேலும், தோளுக்குப் பக்கத்திலும், முழங்காலுக்குக் கீழும் நட்சத்திரங்கள். இளம்பச்சையாக, சத்தமில்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. இருட்டில் ஒளிருகிற மை என்று ரபீக் சொல்லித்தான் இருந்தார். நான் அதைக் காதில் வாங்கியிருக்கவில்லை. ஓய்ந்துகொண்டிருந்த ஃபேனின் கடைசிக் காற்றில் துணிகள் அசைந்தன. வானம் முழுவதும் ஒரு முறை இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, மெதுவாக நிலைக்கு வந்தது. நான் சுவாசிப்பதற்கும் அது அசைவதாகத் தோன்றியது. அதனால் மெல்லமாக மூச்சு விட்டேன்.

"பயந்துக்காதீங்க சார். கதவு இந்தப் பக்கம்தானுங்க இருக்குது" என்று எங்கோ வானத்துக்கு நடுவில் இருந்து அவள் குரல் வந்தது.

"நானெதுக்குப் பயப்படறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏங்கண்ணு, நாசத்துக்கு எதுக்கு நட்சத்திரம் போட்டிருக்கறாங்க?"

ஒரு துணியை ஒதுக்கிவிட்டு அருகில் வந்தாள். அவளுடைய முகம் தெரியவில்லை. அவள் நின்ற இடத்தில் மட்டும் நட்சத்திரங்கள் மறைந்திருந்தன.

"அந்தக் கழுத்துக்குள்ள பொடியா அடிச்சிருக்குதுல்லங்க, அதுல அந்தக் கதைதானுங்க எழுதியிருக்குது. நெம்பக் காலத்துக்கு முன்னாடி கிரேக்க தேசத்துல நட்சத்திரத்துக்கு 'ஆஸ்ட்ரோன்'னு பேருங்க. அதை ரோமாபுரிக்காரங்க வாங்கி, லத்தீன்ல 'ஆஸ்ட்ரம்'னு வெச்சுக்கிட்டாங்க. 'டிஸ்'ங்கறதும் லத்தீன்தானுங்க. விலகிப் போனது, ஆகாததுன்னு வரும். பொறவு இத்தாலிக்காரங்க ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தெச்சு 'டிசாஸ்ட்ரோ'ன்னாங்க. ஆகாத நட்சத்திரம்னு அர்த்தங்க. அங்கிருந்து பிரான்சுக்குப் போச்சு. பிரான்சுல இருந்து இங்கிலீசுக்கு வந்துருச்சு."

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"அவங்களும் ஆகாத நட்சத்திரம்னு பாத்தாங்களா?"

"பாத்தாங்க சார். கப்பல் முழுகுனா நட்சத்திரம், பயிரு காஞ்சா நட்சத்திரம்னு அவங்களும்தான் மேல பாத்துப் பயந்துட்டு இருந்தாங்க."

"இப்ப?"

"இப்ப கேக் வேகலீன்னாக்கூட டிசாஸ்டர்ம்பாங்க. யாரும் வானத்தை நிமுந்து பாக்கறதில்லைங்க. வர்ற வழியில எங்கியோ பயத்தை எறக்கி வெச்சுட்டு, வார்த்தையை மட்டும் கொண்டாந்துட்டாங்க. நீங்களும்தான் சார். வாயத் தொறந்தா கெரகம்ங்கறீங்க. எந்தக் கெரகத்தை நெனச்சுச் சொல்றீங்க?"

நான் யோசித்தேன். சனியையா, ராகுவையா? எதையும் நினைத்ததில்லை. ஆறின காப்பியைத்தான் நினைத்திருக்கிறேன். இத்தனை வருடம் வாயில் போட்டு மென்ற வார்த்தைக்குள் ஒரு கிரகம் சுற்றிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இருட்டில் நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்க முடிந்தது.

"மூலம்னு நீ சொல்லாம இருந்திருக்கலாமல்ல. எங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"எங்க ஜோசியரும் அதைத்தானுங்க சொன்னாரு. பொறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதுனா பூராடம் ஆயிருமாமா. எங்கம்மா செரின்னுட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்." குரல் இறங்கியது. "மாத்தி எழுதிட்டு வந்தா, உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட நான் தனியா உக்காந்து பயந்துட்டு இருக்கோணுங்க. யாருகிட்டயும் சொல்லவும் முடியாது."

"நீ பயப்படறயா?"

"நம்பிக்கை இல்லீன்னுதானுங்க எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். ஆனா உங்களை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சதீஷ் சொன்னாருல்லங்க, அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கலீங்க சார். நாம அந்த ஊட்டுக்குள்ள போகவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சுருச்சான்னு இருந்துச்சு."

வாயு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இந்தப் பெண் பிறந்ததில் இருந்து, இன்னும் முகம் பார்க்காத ஒரு கிழவனின் உயிரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அந்தக் கிழவன் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

"சார், இங்க பாருங்க" என்றாள் திடீரென்று. இப்போது வேறு குரல், சரக்குச் சோதிக்கிற குரல். ஒரு துணியின் அடி ஓரத்தில் அவள் விரல் நட்சத்திரம் ஒன்றை மறைத்து மறைத்துக் காட்டியது. "இந்த நட்சத்திரம் டிசைன்லயே இல்லையே."

உற்றுப் பார்த்தால் பக்கத்துத் துணியிலும் அதே இடத்தில் அது இருந்தது. மிகச் சின்னது. வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்போடு கறுப்பாகக் கண்ணுக்கே தெரியாது. ரபீக் வந்து ஜெனரேட்டரைப் போட்டதும் வானம் மொத்தமும் அணைந்து, அழுக்குச் சுவரும் கயிறும் திரும்ப வந்தன. அச்சுச் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று விழுந்திருந்தது. அதன் வழியாக மை கசிந்து, யாரும் கேட்காத ஒரு நட்சத்திரம் எல்லாத் துணியிலும் ஏறியிருக்கிறது. ஓட்டையில் டேப்பை ஒட்டினார். அதுவரை அடித்ததை எல்லாம் கழிவுச் சரக்கு என்று ஒரு மூலையில் போட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் செகண்ட்ஸ். அந்த மூலையில் இருந்து ஒரு துணியை நான் எடுத்துக்கொண்டு போய், என் அளவுக்குத் தைக்கச் சொன்னேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

வீட்டில் அன்று கண்ணம்மாளிடம் கிரேக்கம், லத்தீன் எல்லாம் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள்.

"அவங்க எங்கியோ எறக்கி வெச்சுட்டாங்க, செரி. எறக்கி வெச்சவனோட பொண்டாட்டி என்ன ஆனாள்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

நானும் ஒரு கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தேன்.

"நீங்க என்ன வேணாலும் பேசுங்க. எனக்கு நீங்க வேணுங்க. அவ்வளவுதான். அந்தப் புள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சாமிகிட்டப் பூக் கேப்பம். ஆத்தா செரின்னுட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பூக் கேட்பது எங்கள் குலதெய்வக் கோயிலில் உள்ள வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் கட்டி ஆத்தாளின் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எந்தப் பூ வந்தால் உத்தரவு என்பதைக் கேட்கிறவன் மனதுக்குள் ஆத்தாளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். வெளியில் வாயைத் திறக்கக் கூடாது. வந்த பூவைப் பார்த்து, உத்தரவா இல்லையா என்று அவன்தான் சொல்ல வேண்டும். கிணறு வெட்டியபோதும், கம்பெனி ஆரம்பித்தபோதும் நான்தான் கேட்டேன். என் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதையும் நான்தான் கேட்க வேண்டும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வர்ஷினியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். சதீஷ்தான் வரச் சொல்லியிருக்கிறான். கோயிலுக்குள் வராமல், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அந்தப் பெண் நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு யாராவது செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார்களா? எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

நான் கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன். 'ஆத்தா, வெள்ளைப்பூ வந்தால் உத்தரவு' என்று மனதுக்குள் சொன்னேன். நேர்மையாகத்தான் சொன்னேன். இலை பிரியும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். பூசாரியின் உள்ளங்கையில் சிவப்பு அரளி இருந்தது.

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். கால் முதல் தலை வரைக்கும் நிம்மதி பரவியது. ஆத்தாளே வேண்டாம் என்றுவிட்டாள். என் மேல் ஒரு பழியும் இல்லை. மகனும் என்னைத் திட்ட முடியாது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதீஷ் பார்த்தான். கண்ணம்மாள் பார்த்தாள். நான் எதற்கோ வாசல் பக்கம் திரும்பினேன். வர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். இன்னொரு செருப்பைக் கால் விரலால் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்குள் அவள் கிளம்பத் தயாராகிவிட்டாள். இப்படிக் கிளம்பிப் பழகிய பெண் அவள்.

கர்ப்பக்கிரகத்து விளக்கு அசைந்தது. எனக்கு ஏதேதோ தோன்றியது. எங்கோ ஒரு கடற்கரை. அங்கே மணலில் நின்று ஆட்கள் மேலே பார்க்கிறார்கள். பயத்தை மூட்டையாகக் கட்டி ஒருவன் கையில் இருந்து இன்னொருவன் கைக்குக் கொடுக்கிறார்கள். அது கப்பல் ஏறுகிறது, மலை ஏறுகிறது, ஊர் ஊராகப் பெயர் மாறுகிறது. கடைசியில் அருள்புரத்தில் ஒரு பனியனில் வந்து இறங்கும்போது மூட்டைக்குள் ஒன்றும் இல்லை. அப்படியானால் வழியில் யாரோ ஒருவன் அதை முதன்முதலில் அவிழ்த்துக் கொட்டியிருக்க வேண்டும். அவன் தைரியசாலியாக இருந்திருக்க மாட்டான். என்னைப் போலத்தான் பயந்துகொண்டே நின்றிருப்பான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள்.

"உத்தரவு ஆயிருச்சுங்க" என்றேன்.

சதீஷ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பூசாரி சிவப்பு அரளியை என் கையில் கொடுத்தார். ஆத்தா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே நடந்து வாசலுக்குப் போனேன். நான் பூவோடு வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் அவசரமாகச் செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். பூவை அதில் வைத்தேன்.

"வெச்சுக்க கண்ணு."

"செரிங்க மாமா" என்றாள். இதுவரை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பல்லடம் தாண்டி, அருள்புரம் தாண்டி, எங்கள் கேட்டுக்குள் வண்டி நுழையும்வரை கண்ணம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சதீஷ் இறங்கிப் போன பிறகு, சேலையை மாற்றக்கூட இல்லாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க எப்பவும் வெள்ளைதானுங்களே நெனைப்பீங்க."

"இந்தத் தடவை மாத்திக்கிட்டேன்."

"கெணத்துக்கு வெள்ளை, கம்பெனிக்கு வெள்ளை. இதுக்கு மட்டும் செவப்பாக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். "தெரிஞ்சும் அங்கியே சொல்லியிருக்கலாமல்ல? பூசாரி இருந்தாரு, எல்லாரும் இருந்தாங்க."

அவள் கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் நின்றது.

"அந்தப் புள்ளை ஒத்தைச் செருப்பைப் போட்டுட்டு நின்னாளுங்க. நானும் பாத்தேன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "கெரகம் புடிச்ச மனுசன்" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போடப் போனாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எனக்குப் பயம் போகவில்லை. சில நாள் கொஞ்சம் அதிகமாக இருக்கும், சில நாள் மறந்தே போய்விடும். வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அதே பயம் இருப்பது எனக்குத் தெரியும். சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு நான் படுத்தால், கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு விரற்கடை திறக்கும். சில நாள் கண்ணம்மாள், சில நாள் வர்ஷினி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பியதும் உண்டு. அவர்கள் கட்டில்வரை வந்து மூக்கில் விரல் வைக்க வேண்டாம் என்றுதான் நான் ஒரு வேலை செய்கிறேன்.

அந்தக் கழிவு டீ சர்ட்டைப் போட்டுக்கொண்டு காலையில் தோட்டத்து வெயிலில் சுற்றிவிட்டு வருகிறேன். மதியம் அதோடேயே படுத்துக்கொள்கிறேன். இருட்டறையில் என் தொப்பை மேல் நட்சத்திரங்கள் எரிகின்றன. மூச்சை இழுத்தால் எல்லாம் ஏறுகின்றன, விட்டால் இறங்குகின்றன. யாரும் கேட்காமல் வந்த அந்தச் சின்ன நட்சத்திரம் அடி ஓரத்தில் கடைசியாக ஏறி, கடைசியாக இறங்குகிறது. வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். துவைத்துத் துவைத்து அது இப்போது கொஞ்சம் மங்கியிருக்கிறது. பரவாயில்லை, ரபீக் பாயிடம் அந்தச் செகண்ட்ஸ் இன்னும் ஒரு மூட்டை கிடக்கிறது.